காஜிப்பூர் எரியும்போது ஆகாயத்தைத் துடைக்க ஆராய்ச்சியா?

மயூர்விஹார்வாசி

போன வாரம் இந்தக் குழுவில் ‘வினையூக்கி’ ஒரு பதிவு இட்டிருந்தார். பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு காற்றில் ஏற்கெனவே கலந்துவிட்டதை நீக்கும் ஆராய்ச்சியில் இந்தியாவும் இறங்க வேண்டும், அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2024 அக்டோபரில் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டுவிட்டன, நாம் மட்டும் தூங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அதன் சாரம். பின்னூட்டமாக எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டது. அதனால் தனி இழையாகப் போடுகிறேன்.

கிழக்கு டெல்லியில் என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து காஜிப்பூர் குப்பை மலை தெரியும். 1984-ல் தொடங்கிய கிடங்கு. 2002-லேயே நிரம்பிவிட்டது. அதன்பிறகும் கொட்டினார்கள், கொட்டுகிறார்கள். 2017-ல் ஒரு பக்கம் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். 2024 ஏப்ரலில் பற்றி எரிந்தபோது சன்னலைத் திறக்க முடியவில்லை. அந்தத் தீக்குத் தீனி எது? உள்ளே மக்கும் குப்பையிலிருந்து கசிகிற மீத்தேன். குப்பைக் கிடங்கு வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன்தான். பாதி! குழாய் போட்டு இழுத்தால் அடுப்பு எரிக்கலாம்.

நாம் மூச்சுவிடுகிற காற்றிலோ பத்து லட்சம் மூலக்கூறுகளில் இரண்டுகூட மீத்தேன் இல்லை. ஐம்பது சதவீதமாக இருப்பதைப் பிடிக்க வக்கில்லாதவர்கள் 0.0002 சதவீதமாக இருப்பதைத் துரத்தப் போகிறோம் என்கிறார்கள். இதற்கு ஆராய்ச்சி என்று பெயர், இதற்கு நாமும் பணம் போட வேண்டுமாம். ‘வினையூக்கி’ தம்பி, உங்கள் படிப்பை மதிக்கிறேன். ஆனால் இது என் மண்டையில் ஏறவில்லை.

பாய்லர் சுந்தரம்

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். வேறென்ன சொல்ல?

வினையூக்கி

சார், காஜிப்பூரைப் பற்றி நீங்கள் சொன்ன எதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதை மூட வேண்டும், வாயுவை இழுக்க வேண்டும். அதற்குப் புதிய அறிவியல் எதுவும் தேவையில்லை, மனம் வைத்தால் போதும். அதனால்தான் ஆராய்ச்சிப் பணத்தை அதில் போடச் சொல்லவில்லை. விடை தெரிந்த கணக்குக்கு ஆராய்ச்சி எதற்கு?

நான் கவலைப்படுவது குழாய் போட முடியாத மீத்தேனைப் பற்றி. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நூறு கோடிப் பங்குக்கு 700 பங்கு அளவில் இருந்தது. இப்போது 1,900-ஐத் தாண்டிவிட்டது. 2020, 2021 ஆண்டுகளில் கருவிவழி அளவீடு தொடங்கிய காலத்திலிருந்து பார்க்காத வேகத்தில் ஏறியது. எங்கிருந்து வந்தது என்று மீத்தேனிலுள்ள கார்பன் ஐசோடோப் (எடையில் வேறுபடும் கார்பன் அணு வகை) விகிதத்தைப் பார்த்தார்கள். கனமான கார்பன்-13-இன் பங்கு குறைந்துகொண்டே போகிறது. நிலக்கரியோ இயற்கை எரிவாயுவோ காரணமாக இருந்தால் அது கூடியிருக்க வேண்டும். நுண்ணுயிர்கள் விடும் மீத்தேனில்தான் அது குறைவு. ஆக, இது நுண்ணுயிர்களின் வேலை. சதுப்பு நிலம், நெல்வயல், மாட்டின் வயிறு, குப்பை. இதில் வெப்ப மண்டலச் சதுப்பு நிலங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது இன்று பலரும் ஏற்கிற முடிவு.

பூமி சூடாக ஆக, சதுப்பு நிலம் கூடுதலாக மீத்தேன் விடும். அதை எந்தச் சட்டத்தால் தடுப்பீர்கள்? காங்கோ காட்டுக்கும் அமேசானுக்கும் நோட்டீஸ் அனுப்புவீர்களா? உமிழ்வைக் குறைப்பது முதல் வேலை. குறைத்த பிறகும் இயற்கை தன் பங்குக்கு ஊற்றத் தொடங்கினால் கையில் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த அறிக்கையும் ‘உடனே செய்யுங்கள்’ என்று சொல்லவில்லை. இன்றைக்கு எந்த முறையும் தயாராக இல்லை, முடியுமா முடியாதா என்று முதலில் பார்ப்போம் என்றுதான் சொல்கிறது. முதல் கட்டத்துக்கு ஆண்டுக்கு 5 முதல் 8 கோடி டாலர். அவ்வளவுதான்.

பாய்லர் சுந்தரம்

‘அவ்வளவுதான்’ என்று டாலரில் சொல்கிறபோதெல்லாம் எனக்குக் கை நடுங்குகிறது.

சரி, கணக்குப் பார்ப்போம். முப்பது வருடம் பாய்லருக்குக் காற்று ஊதியவன் நான். ஒரு டன் மீத்தேன் எவ்வளவு காற்றில் இருக்கிறது? எடைக் கணக்கில் ஏறக்குறைய 9 லட்சத்து 40 ஆயிரம் டன் காற்றில். கன அளவில் 78 கோடி கன மீட்டர். ஒரு கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலம், 780 மீட்டர் உயரம் கொண்ட காற்றுப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காற்றை ஒரு வினையூக்கி (வேதிவினையை விரைவாக்கும் பொருள்) நிரப்பிய படுகை வழியாகத் தள்ள வேண்டும். மிகவும் தாராளமாக, 10 மில்லிமீட்டர் நீர்மட்ட அழுத்த இழப்பு என்று வைக்கிறேன். விசிறியில் நஷ்டமே இல்லை என்றும் வைக்கிறேன். அப்படியும் 21 ஆயிரம் யூனிட் மின்சாரம் தேவை. பிடிபட்ட ஒரு டன் மீத்தேனை முழுதாக எரித்தால் கிடைக்கும் வெப்பமே 14 ஆயிரம் யூனிட்தான். விசிறிக்கே பற்றாது.

இது விசிறி மட்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தாமிரம் ஏற்றிய ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் ஒன்றைச் சோதித்தார்கள். நல்ல வேலை, காற்றில் பத்து லட்சத்துக்கு இரண்டு பங்கு அளவிலான மீத்தேனைக்கூட அது ஆக்சிஜனேற்றம் செய்தது. ஆனால் 300 டிகிரி அளவில். அந்தக் காற்றுப் பெட்டியை ஒரே ஒரு டிகிரி சூடாக்க 2 லட்சத்து 60 ஆயிரம் யூனிட் ஆகும். ஒரு டிகிரிக்கு! வெளியேறும் காற்றிலிருந்து 95 சதவீத வெப்பத்தைத் திரும்ப எடுத்தாலும் மீதி 15 டிகிரிக்கு 39 லட்சம் யூனிட். அந்த மின்சாரத்துக்கு எரியும் நிலக்கரியின் புகையை யார் துடைப்பது?

2022-ல் செயற்கைக்கோள் தரவை வைத்து வெளியான ஆய்வு ஒன்றில் மும்பைக் குப்பைக் கிடங்கு ஒன்று மணிக்குப் பத்து டன்னுக்குச் சற்றுக் குறைவாக மீத்தேன் விடுவதாகக் கண்டார்கள். அந்த ஒரு கிடங்கை ஈடுகட்ட மணிக்கு 780 கோடி கன மீட்டர் காற்று ஊத வேண்டும். ஊதுங்கள்.

கல்காஜி மாணவி

ஓர் அடிப்படைக் கேள்வி, கோபப்படாதீர்கள். மீத்தேனை ஆக்சிஜனேற்றம் செய்தால் கார்பன் டை ஆக்சைடுதானே வரும்? அதையும் பசுமைக்குடில் வாயு என்றுதானே படித்தோம்? ஒரு பிசாசை விரட்டி இன்னொன்றை அழைப்பதில் என்ன லாபம்?

வினையூக்கி

ஒரு டன் மீத்தேன் 2.75 டன் கார்பன் டை ஆக்சைடாக மாறும். ஆனால் அந்த ஒரு டன் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் 28 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகச் சூடேற்றும். இருபதாண்டுக் கணக்கில் 80 டன்னுக்கும் மேல். மேலும் நாம் தொடாவிட்டாலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது தானாகவே அப்படித்தான் மாறும். நாம் செய்வது அதை முன்கூட்டியே நடத்திவிடுவது மட்டும். இன்றைய புவி வெப்பத்தில் அரை டிகிரி அளவு மீத்தேனால் வந்தது என்பது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் மதிப்பீடு.

சுந்தரம் சார், உங்கள் கணக்கு சரி. அந்த அறிக்கையும் மூடிய இயந்திரத்தால் வெளிக்காற்றைச் சுத்தம் செய்வதைப் பற்றி உங்களைப் போலவேதான் முகம் சுளிக்கிறது. நிலக்கரிச் சுரங்கக் காற்றோட்டத்தில் அரை சதவீதம், முக்கால் சதவீதம் என்று மீத்தேன் வரும் இடத்தில் இதே படுகையை வையுங்கள். தன் சூட்டிலேயே ஓடும். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த தன்பாத் பக்கம் போனால் உங்கள் பாய்லர் அனுபவத்துக்கு வேலை கிடைக்கும். பெரிய மாட்டுத் தொழுவங்களில் இன்னும் குறைவு. வெளிக்காற்றுக்கு மேலே, சுரங்கத்துக்குக் கீழே இருக்கிற இந்த இடைப்பட்ட அளவுகள்தாம் சிக்கல். அங்கே குறைந்த சூட்டில் வேலை செய்யும் வினையூக்கி வேண்டும். என் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் தேடுவது அதைத்தான்.

மயூர்விஹார்வாசி

> வெளிக்காற்றுக்கு மேலே, சுரங்கத்துக்குக் கீழே

அதாவது மூலத்தின் பக்கத்தில் பிடிப்பது. அதைத்தானே நானும் சொல்கிறேன்? அதற்கு ‘ஆகாயத்து மீத்தேன் நீக்கம்’ என்று பட்டுக்குஞ்சம் ஏன்? வெளிக்காற்றை நோக்கி வேறு ஏதோ திட்டம் இருப்பதால்தானே அந்தப் பெயர்? அதைச் சொல்லுங்கள்.

வினையூக்கி

சொல்கிறேன். இரும்பு.

முதலில் காற்று தானே எப்படிச் சுத்தம் செய்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 60 கோடி டன் மீத்தேன் காற்றில் கலக்கிறது. ஏற்கெனவே காற்றில் இருப்பதில் ஏறக்குறைய அதே அளவு ஆண்டுதோறும் அழிந்தும் போகிறது. மிஞ்சுவது சில கோடி டன். அந்த மிச்சம்தான் ஏறிக்கொண்டே போகிற கோடு. அழிப்பதில் பத்தில் ஒன்பது பங்கு வேலை ஹைட்ராக்ஸிலுடையது. ஓசோன் மீது புற ஊதாக் கதிர் பட்டு, நீராவி சேர்ந்து உருவாகும் துணுக்கு. ஒரு விநாடி அளவே உயிர் வாழும். மீதியில் ஒரு பங்கு மண் பாக்டீரியா, ஒரு சிறு பங்கு குளோரின் அணுக்கள்.

அந்தச் சிறு பங்கில்தான் சிலர் கண் வைத்திருக்கிறார்கள். சகாராப் பாலைவனத் தூசி அட்லாண்டிக் மேல் பறக்கும்போது அதிலுள்ள இரும்பு, கடல் உப்புத் துளியோடு கலந்து, வெயில் பட்டுக் குளோரின் அணுக்களை விடுகிறது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வு இதை வலுவாக முன்வைத்தது. மீத்தேனைத் தாக்குவதில் குளோரின் அணு ஹைட்ராக்ஸிலைவிட மிக வேகமானது. இயற்கையாக நடப்பதை நாமே கூட்டினால் என்ன, கப்பல் புகைபோக்கியிலிருந்து இரும்புத் துகளைத் தூவினால் என்ன என்பது யோசனை.

இப்போது இதன் மறுபக்கம். குளோரின் மீத்தேனை மட்டும் தின்பதில்லை, ஓசோனையும் தின்கிறது. ஓசோன் குறைந்தால் ஹைட்ராக்ஸில் குறையும். ஹைட்ராக்ஸில்தான் பத்தில் ஒன்பது பங்கு வேலைக்காரன். ஆகவே கொஞ்சமாகக் குளோரின் சேர்த்தால் மீத்தேன் குறைவதற்குப் பதில் கூடும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. குறையத் தொடங்க வேண்டுமானால் இன்று இருப்பதைப்போல் பல மடங்கு குளோரின் தேவை. தூவுகிற இடத்திலும் நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு இருக்கிறது, கடல் எப்படி என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகிறது.

இந்த ஒரு விஷயத்துக்காகவே ஆராய்ச்சி வேண்டும் என்கிறேன். யாரோ ஒரு நிறுவனம் சந்தைக்குக் கிளம்பி நான்கு கப்பலில் இரும்பைக் கட்டித் தூவத் தொடங்கிய பிறகு, ‘ஐயா, நீங்கள் மீத்தேனைக் கூட்டிக்கொண்டிருக்கிறீர்கள்’ என்று சொல்வதற்காவது யாருக்காவது இது தெரிந்திருக்க வேண்டாமா?

ஆர்.கே.புரத்து அக்கா

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசிப் பத்தி என்னை எழுத வைத்துவிட்டது.

தம்பி, அந்த நிறுவனம் தூவியதும் என்ன சொல்லும் தெரியுமா? ‘இத்தனை ஆயிரம் டன் நீக்கிவிட்டேன், சான்றிதழ் கொடு, தன் உமிழ்வுக்கு ஈடாகக் காட்ட நினைப்பவருக்கு விற்கிறேன்’ என்று சொல்லும். யார் அளப்பது? குழாய்க்குள் பிடித்த வாயுவை மீட்டர் வைத்து அளக்கலாம். திறந்த கடலின் மேல் இல்லாமல் போன மீத்தேனை எந்தக் கருவி காட்டும்? மாதிரி சொல்வதை நம்ப வேண்டியதுதான். நீங்களே சொல்கிறீர்கள், மாதிரியில் ஓர் எண் மாறினால் கூட்டல் கழித்தலாகிறது என்று.

எண்கள் எப்படி ஆயுதமாகின்றன என்பதை இந்த ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுவதாக மதிப்பிட்டது. வேறெங்கோ எடுத்த சில அளவுகளை இங்கே பெருக்கிப் போட்ட கணக்கு. இங்கே பூசா பக்கத்தில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம் 1991-ல், இயற்பியலாளர் ஏ.பி. மித்ராவின் வழிகாட்டுதலில், நாடு முழுக்க வயல்களில் பெட்டி வைத்து அளந்தது. வந்த விடை 40 லட்சம் டன் அளவில். ஒன்பது மடங்குக்கு மேல் வித்தியாசம்! அளக்காமல் விட்டிருந்தால் உலகத்தைச் சூடாக்கியவன் தஞ்சாவூர் விவசாயி என்று பாடப் புத்தகத்தில் வந்திருக்கும். அதே ஆண்டில்தான் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் பிழைப்புக்காக வெளியேறும் வாயுவையும் சொகுசுக்காக வெளியேறும் வாயுவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்று எழுதினார்கள். அந்த வாதத்துக்கு இன்றும் வயதாகவில்லை.

2021 கிளாஸ்கோ மாநாட்டில் மீத்தேனை 2030-க்குள் 30 சதவீதம் குறைப்போம் என்ற உறுதிமொழி வந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. இந்தியா சேரவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம் மீத்தேனில் முக்கால் பங்கு வேளாண்மையிலிருந்து வருகிறது, பெரும்பாலும் இரண்டு மாடு வைத்திருப்பவரின் தொழுவத்திலிருந்து. இந்த நிலையில் ‘ஆகாயத்தில் நீக்கலாம்’ என்று ஒரு கதவு திறந்தால் முதலில் அதில் நுழையப் போகிறவர் யார்? எண்ணெய்க் கிணற்றில் வால்வை இறுக்கினால் போதும் என்ற இடத்தில் இருப்பவர். வால்வை இறுக்காமல் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவார்.

வினையூக்கி

அக்கா, நீங்கள் சொன்ன 1991 கதையே எனக்குச் சாட்சி. நாம் அளக்காததால் நமக்காக அவர்கள் எண்ணைப் போட்டார்கள். நாம் அளந்ததும் அந்த எண் விழுந்தது. ஆகாய மீத்தேன் விஷயத்திலும் நாம் ஒதுங்கி நின்றால், அரபிக்கடல் மேல் எது நடக்கும் எது நடக்காது என்று வேறு யாரோ மாதிரி ஓட்டி முடிவு சொல்வார். தார்ப் பாலைவனத் தூசியும் அரேபியத் தூசியும் ஆண்டுதோறும் அந்தக் கடல் மேல்தான் போகின்றன. இயற்கையே அங்கே நடத்தும் சோதனையை நாம் போய்ப் பார்த்தால் என்ன தப்பு?

மயூர்விஹார்வாசி

பார்ப்பதில் ஒரு தப்பும் இல்லை. பாருங்கள். கப்பலில் கருவி ஏற்றுங்கள், தூசியைப் பிடியுங்கள், குளோரினை அளங்கள். அதற்கு நானும் கை தூக்குகிறேன்.

ஆனால் உங்கள் பக்கத்து ஆட்கள் அங்கே நிற்க மாட்டார்கள் என்பதுதான் என் பயம். பார்ப்பதிலிருந்து தூவுவதற்கு ஒரே ஒரு நிதி விண்ணப்பம்தான் தூரம். ‘சிறிய அளவில் களச் சோதனை’ என்பார்கள். நீங்களே சொன்ன கணக்குப்படி சிறிய அளவில் தூவினால் மீத்தேன் கூடும், பெரிய அளவில் தூவினால்தான் குறையும். அப்படியானால் சிறிய சோதனை எதை நிரூபிக்கும்? அது வெற்றி பெறவே முடியாத சோதனை. தோற்றதும், ‘அளவு போதவில்லை, இன்னும் பெரிதாகச் செய்வோம்’ என்று கேட்பார்கள். இப்படி ஓர் ஏணியில் ஏறத் தொடங்கினால் இறங்கும் படி எங்கே இருக்கிறது?

அரபிக்கடல் என்கிறீர்கள். அங்கிருந்துதான் நம் தென்மேற்குப் பருவமழை ஈரத்தைச் சுமந்து வருகிறது. அங்கே துகள்களைத் தூவினால் மேகத்துக்கு என்ன ஆகும்? கடலில் விழும் இரும்பைத் தின்று எந்தப் பாசி பெருகும்? கொச்சியில் மீன் பிடிப்பவரிடம் யார் அனுமதி கேட்பார்? 2010-ல் உயிரினப் பன்மய உடன்படிக்கையில் காலநிலையை வேண்டுமென்றே பெரிய அளவில் மாற்றும் புவிப் பொறியியலுக்கு எச்சரிக்கை வைத்தார்கள். சிறு ஆய்வுகளுக்கு மட்டும் விலக்கு. நாம் அதில் உறுப்பினர். அமெரிக்கா இன்றுவரை இல்லை. அறிக்கை எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பாய்லர் சுந்தரம்

இதில் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. ஹைட்ராக்ஸில்தான் பெரிய வேலைக்காரன் என்றால், அவனை யார் தடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதாதா? கார்பன் மோனாக்சைடும் அவனைத்தானே பிடித்துத் தின்கிறது? டெல்லியில் அதற்குப் பஞ்சமா? வைக்கோல் எரிப்பு, வரட்டி அடுப்பு, குளிருக்குத் தெருவோரத் தீ. இதையெல்லாம் குறைத்தால் ஹைட்ராக்ஸில் தானாக மிஞ்சும், மீத்தேனைத் தின்னும். நம் நுரையீரலும் பிழைக்கும். கப்பலும் வேண்டாம், இரும்பும் வேண்டாம்.

வினையூக்கி

சரியான இடத்தைத் தொட்டீர்கள் சார். ஹைட்ராக்ஸிலில் கணிசமான பகுதி கார்பன் மோனாக்சைடுக்கே போகிறது. அதைக் குறைப்பது இரட்டை லாபம்தான்.

ஆனால் இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நைட்ரஜன் ஆக்சைடு ஹைட்ராக்ஸிலை உண்டாக்க உதவுகிறது. 2020 ஊரடங்கில் வண்டிகள் நின்றன, நைட்ரஜன் ஆக்சைடு குறைந்தது, காற்றின் சுத்திகரிக்கும் வலுவும் குறைந்தது. அந்த ஆண்டு மீத்தேன் ஏற்றத்தில் ஏறக்குறைய பாதிக்கு இதுவே காரணம் என்று 2022-ல் ஓர் ஆய்வு கணித்தது. மீதிப் பாதி சதுப்பு நிலங்கள். நாம் வானம் நீலமாக இருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டிருந்த அதே மாதங்களில்! அதனால் டெல்லிக் காற்றைச் சுத்தம் செய்யக் கூடாது என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் சுத்தம் செய்யும்போது மீத்தேன் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதுவும் இதே ஆராய்ச்சிதான்.

பூசா மண்புழு

எல்லோரும் வானத்தையே பார்க்கிறீர்கள். கொஞ்சம் கீழேயும் பாருங்கள்.

மண்ணில் மீத்தேன் தின்னும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. வெளிக்காற்றில் இருக்கும் அந்த இரண்டு பங்கையே உறிஞ்சிப் பிழைப்பவை. உலகம் முழுக்கச் சேர்த்து ஆண்டுக்கு 3 கோடி டன் அளவில் அழிக்கின்றன. விசிறி இல்லை, மின்சாரம் இல்லை, சுந்தரம் சாரின் காற்றுப் பெட்டியும் இல்லை. 2024-ல் இன்னொன்று கண்டார்கள். மரப்பட்டையில் வாழும் நுண்ணுயிர்களும் மீத்தேனை எடுத்துக்கொள்கின்றன, அதன் அளவு மண்ணுக்கு நிகராகவே இருக்கலாம் என்று.

இந்தப் பாக்டீரியாவை யார் கொல்கிறார்கள்? நாம்தான். யூரியா. அம்மோனியமும் மீத்தேனும் அந்தப் பாக்டீரியாவின் ஒரே நொதியில் போய் உட்காரப் போட்டியிடுகின்றன. அம்மோனியம் நிறைந்த மண்ணில் மீத்தேன் உறிஞ்சுவது குறைந்துவிடும். அளவுக்கு மீறி உரம் போடாமல் இருப்பதும், காட்டு மண்ணை உழாமல் விடுவதும், வயலில் தண்ணீரைத் தேக்கியே வைக்காமல் இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சுவதும் ‘நீக்கம்’ என்ற தலைப்பில் வருமா வராதா என்று எனக்குக் கவலை இல்லை. ஆய்வுக் காசு பல வழிகளுக்குப் பிரியும் என்றால் எங்கள் பங்கை மண்ணுக்குக் கொடுங்கள்.

காஜிப்பூருக்கும் இதுவே மருந்து. மூடிய பகுதிகளின் மேல் நன்றாக மக்கிய உரத்தை ஒரு மீட்டர் கனத்துக்குப் பரப்பினால் மேலே கசிந்து வரும் மீத்தேனில் நல்ல பகுதியை அதிலிருக்கும் பாக்டீரியா தின்றுவிடும். வெளிநாடுகளில் பழைய கிடங்குகளில் செய்திருக்கிறார்கள்.

ஆர்.கே.புரத்து அக்கா

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பிடித்திருக்கிறது என்பதற்காகக் கேட்காமல் விடமாட்டேன். மண் உறிஞ்சுவதைக் கூட்டினேன் என்று ஒரு விவசாயிக்கு எப்படிப் பணம் தருவீர்கள்? இதையும் யாராவது அளந்தாக வேண்டும் அல்லவா? இங்கும் இடைத்தரகர் வந்து கணக்கு எழுதி, விவசாயிக்கு நூறு ரூபாய் கொடுத்துவிட்டு ஆயிரத்துக்கு விற்பார்.

பூசா மண்புழு

சான்றிதழே வேண்டாம் என்கிறேன் அக்கா. உரச் செலவு குறைந்தால் அதுவே அவருக்குப் பணம்.

மயூர்விஹார்வாசி

‘பூசா மண்புழு’ சொல்வதற்கு என் ஆதரவு உண்டு. ஏனென்றால் அது தோற்றாலும் யாருக்கும் கெடுதல் இல்லை. மண் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். இரும்புத் தூவல் தோற்றால் ஓசோன், மழை, மீன் மூன்றும் கேள்விக்குறி. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது ‘வென்றால் என்ன கிடைக்கும்’ என்பதல்ல. தோற்றால் யார் தலையில் விழும் என்பதே. இந்தக் கேள்விக்கு இங்கே பேசிய வழிகள் எல்லாம் ஒரே பதிலைத் தருவதில்லை. ஆகவே ஒரே பெட்டியில் போட்டு ‘மீத்தேன் நீக்க ஆராய்ச்சி’ என்று நிதி கேட்காதீர்கள் தம்பி. தனித்தனியாகக் கேளுங்கள். சுரங்கத்துக்கான வினையூக்கிக்குத் தருவேன், மண்ணுக்குத் தருவேன், கடல் தூசியை அளக்கத் தருவேன். தூவ ஒரு பைசா தரமாட்டேன்.

வினையூக்கி

தூவுவதற்கு நானும் இன்று கேட்கவில்லை சார். ஆனால் ‘என்றைக்கும் கூடாது’ என்று பூட்டுப் போடவும் ஒப்பமாட்டேன். வடக்கே நிரந்தர உறைபனி உருகி, சதுப்பு நிலங்கள் பொங்கி, உமிழ்வைப் பாதியாகக் குறைத்தும் கோடு ஏறிக்கொண்டே போகிற ஒரு நாள் வந்தால், அன்று வெறும் கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆய்வுக்கூடக் கலனில் குளோரினும் ஓசோனும் எப்படிப் போட்டியிடுகின்றன என்று இன்றே பார்த்து வைத்தால், அன்றைக்கு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு மூடிய அறைக்குள் புற ஊதா விளக்கும் குளோரினும் வைத்து, குறைந்த அளவிலிருந்த மீத்தேனில் 58 சதவீதத்தை அழித்தது. ஒரு துளித் தூசிகூட வெளியே போகவில்லை. இப்படிச் செய்யலாம்.

ஆர்.கே.புரத்து அக்கா

அன்றைக்கு அந்த முடிவை எடுக்கும் மேசையில் நமக்கு நாற்காலி இருக்கும் என்று நம்புகிறீர்கள். நான் இந்த ஊரில் கோப்புகளோடு வேலை பார்த்தவள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் அளந்து வைத்தவனிடம் ஒரு நாற்காலியாவது கேட்க முடியும், அது மட்டும் உண்மை. அதனால் கலனுக்குள் செய்வதற்கு என் எதிர்ப்பு இல்லை. விற்பனைச் சான்றிதழ் தரும் எவரோடும் ஒட்டக் கூடாது என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

கல்காஜி மாணவி

மண்புழு அண்ணா, அந்த உரப் போர்வை டெல்லியில் வேலை செய்யுமா? மே மாதத்தில் இங்கே 45 டிகிரி. பாக்டீரியா வெந்துவிடாதா?

பூசா மண்புழு

சரியான கேள்வி. அவற்றுக்கு 25 முதல் 35 டிகிரி வரை சுகம். மேல் ஓரடி சூட்டில் சோர்ந்துவிடும், கீழே உள்ளவை தாங்கும். அதனால்தான் ஒரு மீட்டர் கனம் கேட்டேன். சூட்டைவிடப் பெரிய ஆபத்து காய்ந்துபோவது. ஈரம் இல்லை என்றால் ஒன்றும் நடக்காது. கோடையில் தண்ணீர் தெளித்தாக வேண்டும்.

பாய்லர் சுந்தரம்

குடிக்கவே லாரி வரும் ஊரில் குப்பைக்குத் தண்ணீரா? யார் தருவார்?

மயூர்விஹார்வாசி

பக்கத்திலேயே கோண்ட்லி கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. சுத்திகரித்த நீரை அங்கிருந்து எடுக்கலாம். குழாய் போடும் தூரம்தான்.

பூசா மண்புழு

எடுக்கலாம், ஆனால் அந்த நீரில் அம்மோனியா எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். கூடுதலாக இருந்தால் யூரியா போட்ட வயலின் கதைதான், பாக்டீரியா மீத்தேனைத் தொடாது. யாராவது ஒரு பாட்டில் பிடித்து வந்தால் அளந்து சொல்கிறேன்.

மயூர்விஹார்வாசி

ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.